ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. எடை 21 கிலோதான். சின்ன வயதிலிருந்தே சாப்பாடு என்றால் போராட்டம். ஒரு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம் ஆக்குவான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பான். கறி, சப்பாத்தி என்றால் மென்று மென்று கடைசியில் துப்பிவிடுவான். அடம், செல்லம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவன் அப்பா இரண்டு முறை அடித்தும் இருக்கிறார். பூச்சி மருந்து, பசி டானிக், அசிடிட்டி சிரப் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சிக்கன் துண்டு நெஞ்சில் மாட்டிக்கொண்டது. சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் கொடுத்தோம், இறங்கவில்லை. எச்சில்கூட விழுங்க முடியாமல் துடித்துப்போனான். ராத்திரியே எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். அப்போது சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஈசினோபில் 45 என்று வந்திருக்கிறது. உணவுக்குழாயில் அலர்ஜி என்கிறார் டாக்டர். பாலை நிறுத்திப் பார்க்கலாம், அல்லது ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் பஃபை வாயில் அடித்து விழுங்கச் சொல்லலாம், மூன்று மாதத்தில் திரும்ப எண்டோஸ்கோப்பி என்கிறார். அந்த பஃப் ஸ்டீராய்டு மருந்தாம், வேண்டவே வேண்டாம் என்கிறார் மாமியார். நாங்களாக ஒரு லேபில் அலர்ஜி டெஸ்ட் செய்தோம். 14 உணவுகள் ஆகாது என்று பட்டியல் கொடுத்தார்கள். இப்போது வலி என்று எதுவும் சொல்லாதபோது திரும்பவும் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி எதற்கு? இது குணமாகுமா, கேன்சரில் கொண்டுபோய் விடுமா? 5 வயதுத் தங்கைக்கும் வருமா?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: அம்மா, நோயின் பெயர் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல்தான் வருகிறது. நோய் முதல் சில வரிகளிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். மென்றுகொண்டே இருப்பது. கறியையும் சப்பாத்தியையும் ஒதுக்குவது. குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த நோயைச் சந்தேகிக்க ஆரம்பிப்பதே இந்தப் பழக்கங்களைக் கேட்டுத்தான். மாத்திரை கொடுத்தால் விழுங்க மறுப்பான், நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போகத் தயங்குவான், டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வரும். இவையும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பையன் அடம் பிடிக்கவில்லை. அவன் உணவுக்குழாய் வீங்கி இறுகியிருக்கிறது. அதில் உணவை இறக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். கூழாகும்வரை மெல்கிறான், தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறான், மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததைத் துப்பிவிடுகிறான். இதை ஏன் இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பிறந்ததிலிருந்து ஒருவனுக்கு விழுங்குவது இப்படித்தான் இருக்கிறது என்றால், எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்றுதான் அவன் நினைப்பான். புகார் சொல்ல அவனுக்கு வேறு அனுபவமே இல்லை.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் குற்ற உணர்ச்சியில் மருகிக் கிடக்க வேண்டியதில்லை. இந்த நோய் டாக்டர்களுக்கே எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு விழுங்கக் கஷ்டமா இருந்தது எங்களுக்குத் தெரியலப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளை முதல் சாப்பாட்டு நேரத்தில் அதட்டல், பிரம்பு, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவது எதுவும் வேண்டாம். பயந்துகொண்டு சாப்பிடும் குழந்தைக்கு நல்ல தொண்டையிலேயே உணவு இறங்காது.

சரி, நோய் என்ன என்று பார்ப்போம். இதன் பெயர் ஈசினோபிலிக் ஈசோபஜைடிஸ். ஈசினோபில் என்பது ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நம் ஊரில் "ஈசினோபிலியா" என்ற பெயர் பலருக்குப் பழக்கம். ராத்திரி இருமல், இளைப்பு, ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருக்கிறது என்று மூன்று வாரம் மாத்திரை போடுவார்கள். அது வேறு. பூச்சி மருந்தால் அடங்கும் ஈசினோபிலும் வேறு. உங்கள் மகனுக்கு இந்த அணுக்கள் உணவுக்குழாயின் உள்சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் உணவுக்குழாயில் கூட்டமாக இருக்கலாம். அதனால்தான் ரத்தம் பார்த்தோ, ஸ்கேன் எடுத்தோ இந்த நோயைச் சொல்ல முடியாது. சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணித்தான் ஆக வேண்டும்.

இரைப்பையிலும் குடலிலும் ஈசினோபில் கொஞ்சம் இருப்பது சகஜம். உணவுக்குழாயின் உள்படலத்தில் மட்டும் அவை இருக்கவே கூடாது. மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் இருந்து, விழுங்கும் சிரமமும் இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் இந்த நோய்தான். உங்கள் மகனுக்கு 45. இந்த எண்ணைப் பார்த்து மூன்று மடங்கு கடுமை என்று பயப்படாதீர்கள். ஈசினோபில்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்காது; ஒரு இடத்தில் 45 இருக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி 5 இருக்கும். அதனால்தான் உணவுக்குழாயின் மேலும் கீழுமாகக் குறைந்தது ஆறு துண்டுகள் எடுக்கச் சொல்கிறோம்.

ராத்திரி நேரத்தில், அவசரமாகச் சிக்கனை எடுக்கும்போதே பயாப்ஸியும் எடுத்த டாக்டருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். பல இடங்களில் மாட்டியதை எடுத்துவிட்டு, "மென்று சாப்பிடு தம்பி" என்று அனுப்பிவிடுகிறார்கள். எலும்பு, காசு மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் உணவே ஒரு பிள்ளைக்கு நெஞ்சில் மாட்டினால், முதலில் நினைக்க வேண்டிய நோய் இது. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களும் நினைவில் வையுங்கள்: உங்கள் பிள்ளைக்கு அப்படி மாட்டி எடுத்திருந்தால், பயாப்ஸி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் பிறகாவது எடுக்க வேண்டும்.

இது அலர்ஜிதான் என்பது எப்படித் தெரிந்தது என்று ஒரு சின்னக் கதை சொல்கிறேன், அடுத்து வரும் விஷயத்துக்கு இது தேவைப்படும். முன்பெல்லாம் உணவுக்குழாயில் ஈசினோபில் தெரிந்தால், வயிற்று அமிலம் மேலேறி வந்த புண் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் 10 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அமில மருந்துக்கு அடங்காத குழந்தைகள். சிலருக்கு அமிலம் மேலே வராமல் தடுக்கும் ஆபரேஷன்கூட ஆகியிருந்தது. அவர்களுக்குச் சாதாரண உணவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முழுப் புரதமே இல்லாமல், அதற்குப் பதில் அமினோ அமிலங்கள் என்ற புரதத்தின் மிகச்சிறு துண்டுகளைச் சேர்த்த பவுடர் உணவைக் கரைத்துக் கொடுத்தார்கள். 8 பேருக்குத் தொந்தரவு முழுதாக நின்றது, மற்ற 2 பேருக்குக் குறைந்தது. பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தபோது தொந்தரவு திரும்பி வந்தது. உணவில் உள்ள புரதம்தான் தூண்டுகிறது என்று அப்போதுதான் உறுதியானது.

ஆனால் இந்த அலர்ஜி நாம் சாதாரணமாகப் பார்க்கும் அலர்ஜி போல நடந்துகொள்ளாது. இறால் சாப்பிட்ட பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம் என்று வருவது ஒரு வகை. அதற்குக் காரணம் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். ரத்தத்திலும் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டிலும் தெரிவது அதுதான். உணவுக்குழாய் அலர்ஜி அந்த வழியாக வருவதில்லை. நாள் கணக்கில், வார கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். நேற்று என்ன சாப்பிட்டான், இன்று ஏன் மாட்டியது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே அந்த 14 உணவுப் பட்டியலை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த நோய்க்கு எந்த உணவு காரணம் என்று ரத்த டெஸ்ட்டோ தோல் டெஸ்ட்டோ நம்பும்படி சொல்வதில்லை. இத்தனை உணவுக்கு இத்தனை ஆயிரம் என்று பேக்கேஜ் விற்கும் லேப்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஏற்கெனவே 21 கிலோவில் நிற்கும் பையனிடமிருந்து 14 உணவுகளைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? இன்னொரு ஆபத்தும் உண்டு. இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்த ஒரு உணவை வெறும் டெஸ்ட்டை நம்பி மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, சில குழந்தைகளுக்கு உடனடி அலர்ஜியாகக் கிளம்பியிருக்கிறது. எதையாவது சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, மூச்சிரைப்பு, வாந்தி வந்திருந்தால் அது மட்டும் தனி விஷயம். அதைக் கொடுக்காதீர்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மற்றவை அவன் தட்டுக்குத் திரும்பட்டும்.

இனி சிகிச்சை. உங்கள் டாக்டர் சொன்ன இரண்டும் சரியான வழிகள். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஒமிப்ரசோல், ஈசோமெப்ரசோல் வகை அமில மருந்து. அமிலத்தைக் குறைப்பது மட்டும் அதன் வேலை இல்லை, ஈசினோபில்களை உணவுக்குழாய்க்குக் கூப்பிடும் ரசாயன அழைப்பையும் அது ஓரளவு அடக்குகிறது. ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆனால் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, சரியான அளவில், இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்திருக்க வேண்டும். அசிடிட்டி சிரப்பை வலி வந்தபோது ஐந்து மில்லி ஊற்றியது அந்தக் கணக்கில் சேராது.

உங்கள் டாக்டர் இடத்தில் நான் இருந்தால் பஃபில்தான் தொடங்குவேன். ஒருமுறை உணவு மாட்டி எடுத்தாகிவிட்டது, எடையும் குறைவு. இந்த நிலையில் உணவைக் குறைக்காமல் வீக்கத்தை வற்றவைப்பது முதல் வேலை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விழுங்கும் ஸ்டீராய்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு உணவுக்குழாய் ஆறிவிடுகிறது. பாலை மட்டும் நிறுத்தினால் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறுகிறது. உங்கள் குடும்பத்துக்குப் பால் நிறுத்துவதுதான் மனதுக்கு ஒத்துவருகிறது என்றால் அதுவும் நல்ல தேர்வே. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பயத்தில் மூன்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். மூன்று மாதம் கழித்துச் சரியாகியிருந்தால், எதனால் சரியானது என்று தெரியாமல் மூன்றையும் கட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

மாமியாரின் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு முகம் வீங்கிப்போனவர்களை அவர் பார்த்திருப்பார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மாத்திரை முழு உடம்புக்கும் போகிறது, இது உணவுக்குழாய்ச் சுவரில் பூசுவதற்கான மருந்து. அளவு மைக்ரோகிராமில், ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். விழுங்கியதில் குடல் வழியாக உள்ளே போவதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். வரக்கூடிய பக்கவிளைவு பெரும்பாலும் வாயிலோ உணவுக்குழாயிலோ வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிவது. அதற்கு மருந்து உண்டு. வருடக்கணக்கில் தொடர வேண்டி வந்தால் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டே வருவோம். காரணமில்லாத சோர்வு, எடை குறைவு என்றால், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சோதித்துப் பார்ப்போம். கண்காணிப்பு இல்லாமல் கொடுப்பதைத்தான் மாமியார் எதிர்க்க வேண்டும், அந்த எதிர்ப்பில் நானும் அவர் பக்கம்.

பஃப் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பல வீடுகளில் மருந்து வீணாகிறது. மருந்துக்கடையில் வாங்கும்போது ஆஸ்துமா என்று நினைத்து, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயையும் சேர்த்துக் கொடுத்து, "நல்லா உறிஞ்சு தம்பி" என்று சொல்லித் தருவார்கள். அப்படிச் செய்தால் மருந்து நுரையீரலுக்குப் போகும். நமக்கு அது உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். ஸ்பேசர் வேண்டாம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டுவிட்டு, இன்ஹேலரின் வாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் அடிக்க வேண்டும். உறிஞ்சக் கூடாது. அடித்ததும் எச்சிலோடு சேர்த்து விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கூடாது. குடித்தால் பூசியதைக் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும், ராத்திரி பல் தேய்த்துப் படுக்கப் போகும் முன்பும் வசதியான நேரங்கள். அரை மணி கழித்து வாய் கொப்பளித்துத் துப்பட்டும். முதல் வாரம் நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பஃப் அடிக்க வரவில்லை என்றால், நெபுலைசருக்கு வாங்கும் பூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தேனில் குழைத்துக் கெட்டியாக்கி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைக்கலாம். கெட்டியாக இருந்தால்தான் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். எவ்வளவு அளவு என்பதை உங்கள் டாக்டர் எழுதித் தரட்டும்.

பால் வழியைத் தேர்ந்தெடுத்தால், பால் என்பது டம்ளரில் இருப்பது மட்டும் இல்லை. தயிர், மோர், பன்னீர், வெண்ணெய், பால்கோவா, ஐஸ்கிரீம், சாக்லேட், பெரும்பாலான பிஸ்கட், பன், கேக், டம்ளரில் கலக்கும் மால்ட் பவுடர் எல்லாம் பால்தான். நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் மூன்று மாதம் அதுவும் வேண்டாம். ஆட்டுப்பால், எருமைப்பால், நாட்டு மாட்டுப்பால் என்று மாற்றிக் கொடுக்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அந்தப் புரதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான், மாற்றுவதில் பயனில்லை. பாக்கெட் உணவுகளில் பால், கோதுமை, சோயா போன்றவை இருந்தால் அதைத் தனியாக அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. லேபிளில் அந்த வரியைத் தேடிப் படிக்கப் பழகுங்கள்.

இந்த விஷயத்தில் நம் சமையல் பெரிய வரம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாத ஊர்களில் இந்தப் பத்தியம் குடும்பத்தையே வாட்டிவிடுகிறது. நம் வீட்டில் இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், சாம்பார் சாதம், ரசம், கூட்டு என்று பால் படாமலே மூன்று வேளையும் ஓடும். பொங்கலுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றுங்கள். தயிர் சாதம்தான் பையனுக்கு ஏக்கமாக இருக்கும். தேங்காய்ப்பால் சாதம் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். கால்சியத்துக்கு நிறைய வழி உண்டு. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேழ்வரகுக் கூழ், எள்ளுப்பொடி, முருங்கைக்கீரை, முள்ளோடு அரைபடும் நெத்திலி என்று சேர்த்தால் கணிசமாக வந்துவிடும், குறைவதை மருந்தாகக் கொடுக்கலாம். எடை குறைந்த பையன் என்பதால் ஒரு உணவு நிபுணரை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

பாலும் உதவவில்லை, பஃபும் உதவவில்லை என்றால் கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் என்று பட்டியலை விரிக்கும் முறையும் இருக்கிறது. இன்னொரு பக்கம் டுப்பிலுமாப் என்ற ஊசியும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2024-ல் ஒரு வயதிலிருந்து, 15 கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கும் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். விலை மிக அதிகம். உங்கள் மகனுக்கு இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வலியே இல்லாதபோது திரும்ப எண்டோஸ்கோப்பி எதற்கு?

உங்கள் பையன் இத்தனை வருடம் இந்த நோயோடு இருந்தும் யாருக்கும் தெரியவில்லை என்பதே இதற்குப் பதில். அவன் சமாளிக்கப் பழகிவிட்டான். நாளைக்குச் சிகிச்சை பாதிதான் வேலை செய்தாலும் அவன் இன்னும் நன்றாகச் சமாளிப்பான், வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நினைப்போம். தொந்தரவு குறைவதும் உள்ளே ஆறுவதும் இந்த நோயில் ஒன்றாக நடப்பதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லும் பிள்ளையின் பயாப்ஸியில் ஈசினோபில் அப்படியே இருக்கும். எதிர்மாறாக, உள்ளே சுத்தமாக ஆறிய பிள்ளை பழைய பயத்தில் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிடுவான். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஆறாமல் விட்டால் என்ன ஆகும்? வீக்கம் வருடக்கணக்கில் நின்றால் சுவரில் தழும்பு விழும். வெயிலில் கிடந்த ரப்பர் ஹோஸ் மாதிரி உணவுக்குழாய் விறைத்துப்போகும், இடையில் சுருங்கவும் செய்யும். சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். தொந்தரவு தொடங்கி 2 வருடத்துக்குள் நோயைக் கண்டுபிடித்தவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சுருக்கம் இருந்தது. 20 வருடத்துக்கு மேல் தாமதமானவர்களில் 71 சதவீதம் பேருக்கு இருந்தது. அந்த நிலையில் குழாயை பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும். உங்கள் மகன் 9 வயதில் பிடிபட்டிருக்கிறான். இப்போது உள்ள வீக்கம் பெரும்பாலும் முழுதாக ஆறக்கூடியது. அந்த வாய்ப்பை "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சொல்லி நழுவ விடாதீர்கள்.

ஆகவே சிகிச்சை தொடங்கி 8 முதல் 12 வாரத்தில் ஒரு எண்டோஸ்கோப்பி கண்டிப்பாக வேண்டும். சிகிச்சையை மாற்றினால், நிறுத்திய பாலைத் திரும்பத் தொடங்கினால், அப்போதும் ஒன்று. சரியானது உறுதியான பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். மயக்க மருந்து பற்றிய கவலை எனக்குப் புரிகிறது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கும் இடத்தில் செய்தால் இது சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சளி, காய்ச்சல், வீசிங் இருக்கும் வாரத்தில் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

ஒரு அவசர விஷயம். கல்யாண வீட்டில் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். மீன் முள் சிக்கினால் நம் வீடுகளில் செய்யும் பழைய வழக்கம் அது, அந்த நேரத்தில் யாருக்கும் வேறு என்ன தோன்றும்? ஆனால் இனி எப்போதும் அது வேண்டாம். மாட்டியதன் மேல் இன்னொன்றைத் தள்ளினால் அடைப்பு இறுகும், வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. அடுத்த முறை மாட்டினால் உட்கார வைத்து, எதுவும் கொடுக்காமல், எச்சிலைத் துப்பச் சொல்லுங்கள். எச்சிலே இறங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்றால் காத்திருக்காமல் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். தானாக இறங்கிவிட்டாலும் மறுநாள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேச முடியவில்லை, முகம் நீலமாகிறது என்றால் அது மூச்சுக்குழாய் அடைப்பு. அதற்கு அங்கேயே, அந்த நிமிடமே குனிய வைத்து முதுகில் தட்டுவது போன்ற முதலுதவி வேண்டும். வீட்டில் இருவராவது அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உணவுக்குழாய் ஆறும்வரை கறியைக் கொத்துக்கறியாகவோ, குழைய வேகவைத்து நார் நாராகப் பிய்த்தோ கொடுங்கள். பள்ளியில் மதியம் சாப்பிட அவனுக்குக் கூடுதல் நேரம் தேவை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். ஆறிய பிறகும் விழுங்கும் பயம் போகாத பிள்ளைகள் உண்டு. விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட்கள் அதற்கு உதவுவார்கள். இதில் அவசரம் காட்டாதீர்கள்.

குணமாகுமா என்றால், அடக்கிவைக்க முடியும். மருந்தையோ பத்தியத்தையோ நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. ஆஸ்துமா, எக்ஸிமா போல நீண்டகாலம் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் இது. உங்கள் மகனுக்கு அடிக்கடி தும்மல், வீசிங், தோல் அரிப்பு இருக்கிறதா என்று எழுதவில்லை. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அவற்றில் ஒன்றாவது இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் போலவே சாப்பிட்டு, வளர்ந்து, விளையாடுகிறார்கள். கேன்சருக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் காணப்படவில்லை. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

தங்கை விஷயம். இந்த நோய் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, மூன்றுதான். அவள் சாதாரணமாகச் சாப்பிடுகிறாள், வளர்கிறாள் என்றால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம், அவள் பாலையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போவது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பது, கறியைத் துப்புவது இவற்றில் எதையாவது கண்டால் அண்ணனின் ரிப்போர்ட்டோடு அவளையும் அதே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.